பாப்பா வந்து சேர்ந்தார்

அக்கா கைபேசியை விரல் நுனியால் தொடமாட்டார். வலது கைச் சுண்டுவிரலை மடக்கி, அதன் கணுவால்தான் திரையைத் தட்டுவார். விரல் நுனிகளில் எந்நேரமும் மெழுகோ பிளாஸ்டர் தூளோ ஒட்டியிருக்கும். கணு மட்டும்தான் சுத்தம். முதலில் அந்தக் கணுவை மேலங்கியில் இடுப்புக்குச் சற்று மேலே துடைப்பார். எப்போதும் அதே இடம், அதனால் அங்கே மட்டும் துணி வெளுத்துப்போயிருந்தது. பிறகு திரையை மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. ஒரு வட்டம் சுற்றும். அது சுற்றி நிற்கும்வரை அக்கா மூச்சு விடமாட்டார். வரைபடத்தின் மேல் மகளின் முகம் பதித்த சின்னப் புள்ளி வந்து உட்கார்ந்ததும் மூக்கால் ஒரு "ம்". கத்தியை விளக்கில் காட்டி மெழுகைச் செதுக்கத் தொடங்குவார். கத்தி ஆறுவதற்குள் மறுபடியும் கணு.

கைபேசி, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய கீழ்த்தாடையில் சாய்ந்து நிற்கும்.

எங்களுடையது பல் கட்டும் பட்டறை. பல் டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். நாங்கள் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, கெட்டியான செட்டாக மாற்றித் திருப்பி அனுப்புவோம். மாடியில் ஒரே நீள அறை. சன்னலோரம் அக்காவின் மேசை. பல்லின் நிறம் பகல் வெளிச்சத்தில்தான் பிடிபடும். அடுத்தது கடைவாய் அண்ணனுடையது. கடைசியில், மெருகு போடும் இயந்திரத்துக்குப் பின்னால் என்னுடையது. இயந்திரம் ஓடினால் எதுவும் கேட்காது. நிறுத்தினால் எல்லாம் கேட்கும். நான் அடிக்கடி நிறுத்துவேன்.

கடைவாய்ப் பற்கள் செய்வதால்தான் தனக்கு அந்தப் பெயர் என்று அண்ணன் சொல்வார். வாய் ஓயாததால் என்று அக்கா சொல்வார்.

அக்கா கல்யாணத்துக்கு முன்பே, அச்சு கழுவும் வேலைக்கு இங்கே வந்தவர். இப்போது முன்பல் வேலை எல்லாம் அவரிடம்தான் போகும். பற்களை ஒரே சீராக அடுக்கமாட்டார். ஏதாவது ஒரு பல்லை மயிரிழை திருப்பி வைப்பார். "ரொம்ப ஒழுங்கா இருந்தா பொய்ன்னு தெரிஞ்சுடும் தம்பி" என்பார். பேருந்தில் யார் சிரித்தாலும் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். அழகான கோணலைப் பார்த்துவிட்டால் அன்று முழுக்க அதே பேச்சு. கோணல் பிடிக்கும் அந்த மனுஷிக்கு வாழ்க்கையில் ஒன்று மட்டும் கோடு போட்டதுபோல் நேராக இருக்க வேண்டும்: பாப்பா எந்த நேரத்தில் எங்கே இருக்கிறாள் என்பது.

பாப்பாவுக்குப் பதினைந்து வயது. வெளியாள் முன்னால் பாப்பா என்று கூப்பிட்டால் முறைப்பாளாம். அக்காவும் பாப்பாவின் அப்பாவும் பிரிந்து சில காலம் ஆகியிருந்தது. பிரியும்போது கட்டிலுக்குச் சண்டை, அலமாரிக்குச் சண்டை, சுவரில் மாட்டிய படத்துக்கும் அது மாட்டியிருந்த ஆணிக்கும்கூடச் சண்டை. இருவரும் ஒரே வாயாகப் பேசியது பாப்பாவின் கைபேசி விஷயத்தில்தான். அதற்குப் பூட்டுப் போட்டார்கள். குறித்த நேரத்துக்கு மேல் திரை அணைந்துவிடும். புதிதாக எதை ஏற்றுவதென்றாலும் இருவரில் ஒருவர் அனுமதிக்க வேண்டும். அவள் போகிற இடமெல்லாம் இருவருக்கும் தெரியும்; பெரியவர்கள் போகிற இடம் ஒருவருக்கொருவர் தெரியாது. செயலியில் மூன்று முகங்கள், மூன்று வட்டங்கள், மேலே "குடும்பம்" என்று தலைப்பு. வெளியே கலைந்துபோனது அதற்குள் மட்டும் கலையாமல் இருந்தது.

அந்தச் செயலி எல்லோருக்கும் மரியாதை கொடுக்கும். பள்ளியிலிருந்து பாப்பா புறப்பட்டால் மணி அடித்து, "பாப்பா பள்ளியிலிருந்து கிளம்பினார்" என்று எழுதும்.

"கிளம்பினாராமா? வந்து சேர்ந்தாராமா?" என்று கடைவாய் அண்ணன் எழுந்து நிற்பார். "தங்கச்சி, உன் பொண்ணு மந்திரி மாதிரி வர்றாங்க, போறாங்க. நாம சால்வை வாங்கி வெச்சிருக்கணும்."

"உங்க வாய்க்கு ஒரு செட்டு செஞ்சு, தொறக்கவே முடியாத மாதிரி ஒட்டிடறேன் பாருங்க அண்ணே."

வார நாட்களில் பாப்பா அம்மாவிடம். வார இறுதியில் அப்பாவிடம். அடுத்த ஆண்டு மேல்வகுப்புக்கு வேறு பள்ளி மாற வேண்டும். புதுப் பள்ளி அப்பாவின் வீட்டுக்குப் பக்கம். எந்த வீட்டிலிருந்து போவதென்று பாப்பாவே சொல்லட்டும், விடுமுறைக்குள் சொன்னால் போதும் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அன்றிலிருந்துதான் அக்காவின் கணுவுக்கு ஓய்வே இல்லாமல் போனது.

"கேட்டுட வேண்டியதுதானேக்கா?" என்றேன் ஒருநாள்.

"கேட்டா, என்கூடவே இருடின்னு கெஞ்சின மாதிரி ஆயிடும். கேக்காம விட்டா, நீ எங்க இருந்தா எனக்கென்னன்னு இருக்கற மாதிரி ஆயிடும்."

"அப்போ?"

"அதான் பாத்துட்டே இருக்கேன்."

ஒரு சனிக்கிழமை, பட்டறை அரை நாள். அக்கா மேல்வரிசை முன்பற்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கைபேசி மணி அடித்தது.

"பாப்பா வீட்டிற்கு வந்து சேர்ந்தார்."

அக்கா அதை வாய்விட்டுப் படித்தார். சனிக்கிழமை பாப்பா அப்பாவிடம் இருக்க வேண்டிய நாள். ஒரு நாள் முன்னதாகவே, யாரும் சொல்லாமல், அவளாகவே வந்திருக்கிறாள். அக்காவின் முகம் எனக்குப் பக்கவாட்டில்தான் தெரிந்தது. காதுவரை சிவந்தது. "வந்துட்டா" என்றார், எங்களிடம் அல்ல. மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அது கீழே விழுந்ததைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. படியில் செருப்புச் சத்தம் இரண்டிரண்டாகத் தாவி இறங்கியது.

"விளக்கை அணைச்சிட்டுப் போம்மா! யாரோ ஒருத்தர் சிரிப்பு உருகுது!" என்று கடைவாய் அண்ணன் கத்தினார். நான் போய் அணைத்தேன். அதற்குள் முன்பற்கள் சரிந்து ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன.

என்ன நடந்தது என்பதைத் திங்கள்கிழமை சொன்னார். வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. பாப்பாவிடம் ஒரு சாவி உண்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பாள் என்று நினைத்துத் தட்டியிருக்கிறார். பிறகு தானே திறந்து, சமையலறை, குளியலறை, கதவுக்குப் பின்னால், திரைச்சீலைக்குப் பின்னால் எல்லாம் பார்த்திருக்கிறார். சின்ன வயதில் பாப்பா ஒளிந்துகொள்ளும் இடங்கள். அப்புறம்தான் வரைபடத்தைப் பார்த்தார். பாப்பாவின் முகம் ஊரின் அந்தக் கோடியில், அப்பாவின் அடுக்குமாடியில் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் ஒரு சின்னக் கூரைப் படம், பக்கத்தில் "வீடு" என்ற சொல்.

"என் வீட்டுக்குப் பேரே இல்ல தம்பி. நான் நிக்கறேன், என் காலுக்குக் கீழ வெறும் சாம்பல் நிறக் கட்டம். அவர் எடுத்துட்டுப் போயிட்டார்."

"எதை?"

"வீட்டத்தான்."

நான் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். செயலி ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான் கொடுக்கும். அதைப் பழையபடி அக்காவின் முகவரிக்கு நகர்த்தினேன். அப்பாவின் அடுக்குமாடிக்கு வேறு பெயர் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"'அவர் இடம்'னு போடு."

"அவர்னா யாருன்னு பாப்பாவுக்குப் புரியுமா?"

"அவர்னா அவர்தான். இந்த ஒலகத்துல வேற யாரு?"

சில நாட்களில் வீடு மறுபடியும் அந்தக் கோடிக்குப் போனது. நகர்த்திவைத்தேன். ஒன்றிரண்டு நாட்கள் அக்கா பக்கம் நின்றது. பிறகு மறுபடி போனது. அக்கா தூக்கம் கெட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு வந்தார். அவர் கட்டிய ஒரு செட்டு திரும்பி வந்தது. மெல்லும்போது கன்னத்தைக் கடிக்கிறதாம். இன்னொன்றில் நிறம் தப்பு. "ஒருத்தருக்கு ஒரே வாயில ரெண்டு வயசு" என்று கடைவாய் அண்ணன் அதைத் தூக்கிக் காட்டினார். அக்கா சிரிக்கவில்லை.

கோபம் பாப்பாவின் கைபேசி மேல் இறங்கியது. திரை நேரத்தைக் குறைத்தார். படம் வரைய ஏதோ ஒரு செயலி வேண்டும் என்று பாப்பா அனுமதி கேட்டிருந்தாள். அப்பா முந்திக்கொண்டு சரி சொன்னார் என்பதற்காகவே அதை நீக்கினார். அப்பா மறுபடி கொடுத்தார். அக்கா மறுபடி எடுத்தார். வரைய வேண்டிய பிள்ளை நடுவில் வரையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் ஒரு பகலில் அக்காவே அவரைக் கூப்பிட்டார். இரண்டு கையிலும் பிளாஸ்டர். அதனால் கணுவால் தட்டி ஒலிபெருக்கியில் போட்டார். நான் இயந்திரத்தை நிறுத்தினேன். கடைவாய் அண்ணன் வேலை செய்வதுபோல் குனிந்துகொண்டார்.

"எதுக்கு இப்படிப் பண்றீங்க?"

"என்ன பண்ணேன்?"

"என் வீட்ட எடுத்து உங்க எடத்துல வெச்சுக்கறது."

"நானா? நீதான மாத்திட்டே இருக்க!" அவர் குரலுக்குப் பின்னால் சைக்கிள் மணியும் காற்றடிக்கும் சத்தமும் கேட்டன. சைக்கிள் பழுதுபார்க்கும் கடை அவருடையது. "போன வாரம் பாப்பா வீட்டுக்கு வந்துட்டான்னு மணி அடிச்சுது. வார நாள்ல வந்திருக்காளே, என்கூட இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாளோன்னு... பஞ்சர் பாத்துட்டு இருந்த டியூப்பத் தொட்டித் தண்ணியிலயே விட்டுட்டு ஓடினேன். சைக்கிள் கொண்டுவந்த ஆளு கடையில தனியா நிக்கறார். கதவத் தொறந்தா ஈ காக்கா இல்ல. அப்பறம் பாத்தா உன் வீட்டுல இருக்கா. உனக்கு இதுல என்ன சந்தோஷம்?"

அக்கா கைபேசிப் பக்கம் குனிந்தார். கையில் பிளாஸ்டர் இறுகிக்கொண்டிருந்தது.

"நீங்க நெசமாவே ஒண்ணும் அமுத்தலையா?"

"நான் எதையும் தேடிப்போய் அமுத்தல. அதுவா அப்பப்போ கேக்கும்."

"என்ன கேக்கும்?"

"'இது வீடா?'ன்னு கேக்கும். ஆம்னு அமுத்துவேன். பின்ன, வீட்டுல உக்காந்துகிட்டு இது கோழிக்கூடுன்னா சொல்ல முடியும்?"

கடைவாய் அண்ணன் சிரிக்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றார் அக்கா மெதுவாக. "நானும் ஆம்னுதான் அமுத்தினேன்."

செயலி கேட்டது மூன்று பேருக்கும் பொதுவான வீட்டை. இவர்கள் பதில் சொன்னது தலைக்கு மேல் தெரிந்த கூரைக்கு. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான். ஒருவர் ஆம் என்றதும் சொல் அவர் பக்கம் போயிற்று. மற்றவர் ஆம் என்றதும் இந்தப் பக்கம் வந்தது. நான் நகர்த்திவைத்ததெல்லாம் போதாதென்று அவர்களே இழுத்திருக்கிறார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

யாரும் எதையும் திருடவில்லை என்று தெரிந்ததும் அக்கா அமைதியாவார் என்று நினைத்தேன். நேர்மாறாக நடந்தது. சண்டை போட ஆள் இல்லை. பாப்பாவின் பதில் மட்டும் மீதி நின்றது. கணு இன்னும் வேகமாகத் தட்டியது. புள்ளி நூலகத்தில் நின்றால் ஏன் நிற்கிறது, நகர்ந்தால் எங்கே நகர்கிறது. பாப்பா தெருவின் இடப்பக்கம் நடக்கிறாளா வலப்பக்கம் நடக்கிறாளா என்பதில்கூட அக்கா ஏதோ அர்த்தம் தேடினார்.

பள்ளி ஆண்டின் கடைசி வாரங்களில் ஒருநாள் புள்ளி பள்ளியிலேயே நின்றுவிட்டது. பள்ளி விட்டு வெகுநேரம் ஆகியும் நகரவில்லை. அக்கா கூப்பிட்டார், எடுக்கவில்லை. பாப்பாவின் அப்பாவைக் கூப்பிட்டார், அங்கேயும் வரவில்லை. பள்ளிக்குக் கூப்பிட்டார், எல்லோரும் போய்விட்டார்களாம். கத்தியை எடுத்தார், வைத்தார். சன்னலுக்குப் போனார், வந்தார். "புள்ளி அங்க இருக்கு, பிள்ளை அங்க இல்லைங்கறாங்க" என்றார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவர் அங்கேயே நின்றார்.

படியில் ஏறி வந்தது பாப்பாதான். வேர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு, சீருடையில்.

"போன் எங்கடி?"

"ஸ்கூல்ல, என் மேசைக்குள்ள."

"மறந்துட்டியா?"

"இல்ல. வெச்சிட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"நீங்க ரெண்டு பேரும் பாக்காம ஒரு எடத்துக்கு நடந்து போகணும்னு தோணிச்சு. வெளிய வந்தப்பறம் எங்க போறதுன்னு தெரியல." பாப்பா எங்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கீழே பார்த்தாள். "இங்க வந்தேன்."

அக்காவின் கை மகளின் தோள்வரை போய்விட்டு, அடிப்பதா அணைப்பதா என்று தெரியாமல் அங்கேயே நின்றது. "வழியில ஏதாவது ஆயிருந்தா?"

"ஆயிருந்தா புள்ளி என்னம்மா பண்ணும்? எங்க ஆச்சுன்னு சொல்லும்."

"அதாவது தெரியணும்ல எனக்கு!" அக்கா கத்தியது கீழ்க்கடைவரை கேட்டிருக்கும்.

பாப்பா அசையவில்லை. "நான் முடிவு சொல்லணும்ல? மொதல்ல அந்தப் புள்ளிய ரெண்டு பேரும் எடுங்க. எடுத்தப்பறம் சொல்றேன். நான் ஒரு வீட்டுக்குள்ள போனா இன்னொரு வீட்டுல மணி அடிக்குது. சும்மா பேனா எடுக்க வந்தாக்கூட யாரோ ஜெயிச்ச மாதிரி, யாரோ தோத்த மாதிரி. எனக்குக் கதவத் தொறக்கவே பயமா இருக்கு."

"அவர் எடுத்துட்டாரா?"

"அவர் எடுத்தாத்தான் நீ எடுப்பியா? அப்போ வேணாம், விடு."

கடைவாய் அண்ணன் வாயைத் திறந்தார். எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அவரை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அக்கா அன்று எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. கைபேசியைக் கையில் எடுப்பார், செயலிக்குள் போவார், வெளியே வருவார். ஒரு தடவை அதை இழுப்பறையில் போட்டு மூடினார். மெழுகு உருகும் நேரம்கூட அது உள்ளே இருக்கவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மதியம், என் மேசைக்கு வந்தார்.

"எத அமுத்தணும்னு மட்டும் காட்டு தம்பி. நீ அமுத்தாத."

காட்டினேன். திரை ஓர் எச்சரிக்கை போட்டது: இவரின் இருப்பிடத்தை இனி நீங்கள் பார்க்க இயலாது, தொடரவா என்று. அக்கா அதை இரண்டு தடவை படித்தார். "இவரின்" என்ற சொல்லில் கொஞ்சம் நின்றார். பிறகு அமுக்கினார். வட்டங்களில் ஒன்று மறைந்தது. வரைபடத்தில் அக்காவின் முகம் மட்டும், பட்டறையின் மேல், தனியாக நின்றது.

அதற்குப் பிறகும் நாள் முழுக்கத் திரையை இழுத்துப் பார்த்தார். தன் முகத்தையேதான் பார்த்தார். பள்ளி விடும் நேரத்தில், "இப்போ கிளம்பியிருப்பாளா?" என்று பொதுவாகக் கேட்பார். நாங்கள் மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்போம். வேறு என்ன செய்ய?

விடுமுறைக்கு முந்தைய நாள் காலை, தலையைத் தூக்காமல் சொன்னார்: "வார நாள்ல அங்க. சனி ஞாயிறு என்கிட்ட. நேத்து சொன்னா."

"ஸ்கூல் பக்கம்ல தங்கச்சி" என்றார் கடைவாய் அண்ணன். "பஸ் நெரிசல் மிச்சம்."

"ம்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லியிருக்கும் பொண்ணு."

"நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணே."

அன்று ஒரே செட்டை மாலைவரை அடுக்கினார். அடுக்கியதைப் பிரித்தார். மறுபடி அடுக்கினார். இடையில் எழுந்து படிவரை போய், எதற்குப் போனோம் என்று மறந்தவர்போல் திரும்பி வந்தார். அவள் தேர்ந்தெடுத்தது பள்ளியையா வீட்டையா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அக்காவும் மகளிடம் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

புதுப் பள்ளி தொடங்கி சில மாதங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை, அம்மாவை அழைத்துப்போக வந்த பாப்பா, கைபேசியில் இடம் நிறைந்துவிட்டது, பார்த்துத் தரமுடியுமா என்று என்னிடம் கொடுத்தாள். அம்மாவும் அப்பாவும் மாறிமாறி ஆம் சொன்ன கதையை அப்பா சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்லிச் சிரித்தாள். அந்த நாட்களில் "இது வீடா?" என்ற கேள்வி அவள் கைபேசிக்கும் வந்துகொண்டிருந்ததாம். அதில் ஆம், இல்லை என்பதற்குக் கீழே, சிறிய எழுத்தில், மூன்றாவதாக ஒரு பதிலும் இருந்ததாம். இரண்டு வீட்டிலும், ஒவ்வொரு தடவையும், அவள் அதையேதான் அமுக்கியிருக்கிறாள்: பிறகு கேட்கவும்.